உணவுக்குழாய்ப் புற்றுநோய்: ரோபோ அறுவை சிகிச்சைக்காக நிலத்தை விற்கலாமா?

மன்னை மருமகன்:

அனைவருக்கும் வணக்கம். என் மாமனாருக்கு வயது 62. மன்னார்குடிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறார். கார்த்திகையில் சோறு நெஞ்சில் அடைக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தவர், தை அறுவடைக்குள் கஞ்சியைத் தவிர வேறெதுவும் இறங்காத நிலைக்கு வந்துவிட்டார். தஞ்சாவூரில் எண்டோஸ்கோப்பி செய்து சதை எடுத்துப் பரிசோதித்ததில், உணவுக்குழாயின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே ஸ்குவாமஸ் வகை (குழாயின் உட்புறத் தட்டையான அணுக்களில் தொடங்கும் வகை) புற்றுநோய் என்று முடிவு வந்தது. பெட் சி.டி. ஸ்கேனில் மற்ற உறுப்புகளுக்குப் பரவியதாகத் தெரியவில்லை. பக்கத்தில் உள்ள நெறிக்கட்டிகளில் மட்டும் சந்தேகம் இருக்கிறது என்றார்கள். ஐந்து வாரம் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, வாரம் ஒரு முறை கீமோவும் கொடுத்து முடித்தாயிற்று. இப்போது இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து மெதுவாகச் சாப்பிடுகிறார். அடுத்த கட்டமாக அறுவை சிகிச்சை.

எங்கள் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. திருச்சியில் பார்த்த மருத்துவர், மார்பையும் வயிற்றையும் சிறு துளைகள் வழியாகக் கேமரா வைத்துச் செய்துவிடலாம் என்றும், முதல்வர் காப்பீட்டு அட்டையிலேயே பார்க்கலாம் என்றும் சொன்னார். சென்னையில் இரண்டாவது கருத்துக்காகப் பார்த்த ஒரு மருத்துவமனையில் ரோபோ மூலம் செய்வதே நல்லது என்கிறார்கள். அதற்கு அட்டை செல்லாது, கையிலிருந்து பல லட்சம் ஆகும். சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் ரோபோதான் வேண்டும் என்று உறுதியாக நிற்கிறார், அவரால் முடிந்த பங்கையும் அனுப்புவதாகச் சொல்கிறார். மீதிக்கு ஆற்றுப்பாசனத்தில் இருக்கும் மூன்று மா (ஏறத்தாழ ஒரு ஏக்கர்) நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்பது வீட்டில் பேச்சு. மாமனாரோ, "மெஷின் அறுக்குமாமே, நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

ரோபோவில் செய்தால் நோய் திரும்பாமல் இருக்க வாய்ப்பு கூடுமா, வலியும் ஆபத்தும் உண்மையிலேயே குறையுமா, அல்லது இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதானா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பல வருடங்களாக வெற்றிலை சீவலோடு புகையிலை போட்டவர். இந்தச் சிகிச்சை தொடங்கிய பிறகுதான் விட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குடந்தை அறுவை மருத்துவர்:

வணக்கம். நான் இரைப்பை குடல் அறுவைத் துறையில் பணியாற்றுகிறேன். உங்கள் மாமனாரின் அறிக்கைகளைப் பார்க்காமல் எழுதுவதால் இதைப் பொதுவான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பரிசோதித்த மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் பெரியவரின் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படுக்கப்போகிறவர் அவர்தான். ரோபோ தானாக எதையும் அறுப்பதில்லை. அறுவை அரங்கின் ஓரத்தில் ஒரு மேசை போன்ற அமைப்பில் அறுவை மருத்துவர் உட்கார்ந்து, முப்பரிமாணத்தில் பல மடங்கு பெரிதாகத் தெரியும் காட்சியைப் பார்த்தபடி கைப்பிடிகளை அசைக்கிறார்; நோயாளியின் அருகே நிற்கும் இயந்திரக் கைகள் அந்த அசைவை அப்படியே, ஆனால் சிறிதாக்கி, கை நடுக்கத்தை வடிகட்டிச் செய்கின்றன. மருத்துவர் முகத்தை அந்தத் திரையிலிருந்து எடுத்தால் கருவிகள் அசையாமல் நின்றுவிடும். நோயாளியின் பக்கத்திலேயே இன்னொரு அறுவை மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் முழு நேரமும் இருப்பார்கள். மின்சாரம் நின்றால் பேட்டரியும் ஜெனரேட்டரும் உண்டு. தேவைப்பட்டால் கருவிகளைக் கழற்றிவிட்டுக் கையால் தொடரவும் முடியும்.

இனி அறுவை சிகிச்சை எப்படிப்பட்டது என்பதைச் சொல்கிறேன், அது புரியாமல் ரோபோவா கேமராவா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. உணவுக்குழாய் தொண்டைக்குக் கீழே தொடங்கி, மார்பில் மூச்சுக்குழாய், இதயம், பெருந்தமனி ஆகியவற்றுக்கு நடுவே இறங்கி, உதரவிதானத்தைத் தாண்டி இரைப்பையில் சேருகிறது. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம். நோயுள்ள குழாயின் பெரும்பகுதியையும் அதைச் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் (நீங்கள் நெறிக்கட்டி என்று சொன்னவை) எடுத்துவிட்டு, இரைப்பையையே நீளவாக்கில் ஒடுக்கிக் குழாயாக்கி, மேலே இழுத்து, மார்பிலோ கழுத்திலோ மீந்திருக்கும் உணவுக்குழாயோடு தைக்க வேண்டும். மார்பில் இணைக்கும் முறையை ஐவர் லூயிஸ் 1946இல் விவரித்தார். மார்பு, வயிறு, கழுத்து என மூன்று இடத்திலும் வேலை செய்து கழுத்தில் இணைக்கும் முறை மெக்கியூன் 1976இல் எழுதியது. இன்றைக்கு ரோபோவில் செய்தாலும் உள்ளே நடப்பது இந்த இரண்டில் ஒன்றுதான். மாறுவது உள்ளே போகும் வழி.

பழைய முறையில் விலா எலும்புகளுக்கு நடுவே பெரிதாகத் திறந்து, விரித்து வைத்துச் செய்வார்கள். அந்த வலியில் நோயாளியால் அழுத்தி இருமவே முடியாது. கோழை உள்ளே தங்கி நிமோனியா பிடித்துக்கொள்ளும். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாங்கள் மிகவும் அஞ்சுவது இரண்டை: ஒன்று நுரையீரல், மற்றொன்று தையல் இடத்தில் கசிவு. சிறு துளைகள் வழியாகச் செய்தால் முதலாவது கணிசமாகக் குறைகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. நெதர்லாந்து, ஸ்பெயின், இத்தாலி மருத்துவமனைகளில் 115 பேரிடம் நடந்து 2012இல் வெளியான டைம் ஆய்வில், முதல் இரண்டு வாரத்துக்குள் நுரையீரல் தொற்று வந்தவர்கள் திறந்த முறையில் 29 சதவீதம், துளை முறையில் 9 சதவீதம். பிரான்சில் 207 பேரிடம் நடந்த மிரோ ஆய்வு 2019இல் வந்தது. அதில் வயிற்றை மட்டும் லேப்ராஸ்கோப்பியில் (கேமராத் துளை வழியாக) செய்துவிட்டு மார்பைத் திறந்தே செய்தார்கள். அப்போதுகூடப் பெரிய சிக்கல்கள் 64 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாகக் குறைந்தன.

இதில் நம் ஊர்ப் பங்களிப்பையும் சொல்லாமல் விட முடியாது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து மார்பில் கேமரா விட்டுச் செய்யும் முறையில் 130 பேருக்குச் செய்த அனுபவத்தை, கோயம்புத்தூர் டாக்டர் சி. பழனிவேலு குழுவினர் 2006இல் வெளியிட்டார்கள். குப்புறப் படுத்தால் நுரையீரல் தானாகவே முன்பக்கம் சரிந்து வழிவிடும், கசியும் இரத்தமும் வேலை நடக்கும் இடத்தில் தேங்காது. இன்று பல நாடுகளில் அந்த நிலையிலோ அதற்குச் சற்று மாற்றமான நிலையிலோதான் செய்கிறார்கள். ஆகவே திருச்சியில் உங்களுக்குச் சொன்ன முறை இரண்டாம்தரமானது என்று யாரும் எண்ண வேண்டாம்.

ரோபோவுக்கு வருவோம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 112 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. திறந்த முறையில் 80 சதவீதம் பேருக்குச் சிக்கல், ரோபோவில் 59 சதவீதம். விளம்பரங்களில் இந்த எண்தான் வரும். ஆனால் அந்த ஒப்பீடு மார்பைத் திறந்து செய்வதோடு. உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி வேறு: ரோபோவா, கேமராத் துளையா? அதற்குச் சீனாவில் ஆறு மையங்களில், உங்கள் மாமனாருக்கு வந்திருக்கும் அதே ஸ்குவாமஸ் வகை நோய் உள்ள 358 பேரிடம் நடந்த ரமி ஆய்வு 2022இல் வந்தது. அறுவை நேரம் ரோபோவில் சராசரியாக 204 நிமிடம், துளை முறையில் 245 நிமிடம். ஒட்டுமொத்தச் சிக்கல்கள் ரோபோவில் 48.6 சதவீதம், துளை முறையில் 41.8 சதவீதம், புள்ளியியல்படி இதை வேறுபாடாகக் கொள்ள முடியாது. நுரையீரல் சிக்கலும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே.

எனவே என் கருத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். மார்பைத் திறப்பதிலிருந்து துளைக்கு மாறுவதால் கிடைக்கும் நன்மை பெரிது. துளையிலிருந்து ரோபோவுக்கு மாறுவதால் நோயாளிக்குக் கிடைக்கும் கூடுதல் நன்மை, இருந்தாலும், சிறிது. அதற்காக நிலத்தை விற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இயந்திரத்தைவிட அதிக வேறுபாட்டை உண்டாக்குவது அதைக் கையாளும் குழு. ஐரோப்பிய மையங்களில் துளை முறை ஐவர் லூயிஸ் சிகிச்சையைக் கற்றுக்கொண்ட காலத்தை ஆராய்ந்தபோது, தையல் கசிவு தொடக்கத்தில் 18.8 சதவீதமாக இருந்து, 119 நோயாளிகளுக்குச் செய்து முடித்த பின்னரே 4.5 சதவீதத்தில் நிலைத்தது. நெதர்லாந்தில் ஆண்டுக்குக் குறைந்தது 20 உணவுக்குழாய் அறுவை சிகிச்சை செய்யாத மருத்துவமனை அதைச் செய்யக் கூடாது என்றே 2011 முதல் விதி வைத்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். கடந்த ஓராண்டில் உணவுக்குழாய்க்கு மட்டும் எத்தனை செய்தீர்கள், அதில் இந்த முறையில் எத்தனை, எத்தனை பேருக்குக் கசிவு வந்தது, வந்தால் இரவு இரண்டு மணிக்கு எண்டோஸ்கோப்பி செய்யவும் ரேடியாலஜி வழியாக (ஸ்கேன் பார்த்து) குழாய் போட்டு வடிக்கவும் ஆள் உண்டா? பித்தப்பைக்கும் குடலிறக்கத்துக்கும் நூறு ரோபோ சிகிச்சை செய்திருப்பது இதற்குக் கணக்கில் வராது. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

நீடாமங்கலம் வாசகர்:

மருத்துவர் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருந்தது. ஆனால் ரோபோவின் பக்கம் இன்னும் கொஞ்சம் நியாயம் இருப்பதாக நினைக்கிறேன். நான் மருத்துவக் கருவிகள் பராமரிப்பில் வேலை செய்பவன், மருத்துவன் அல்லன். சாதாரண லேப்ராஸ்கோப்பிக் கருவி ஒரு நீளமான, விறைப்பான கம்பி. அதன் நுனியில் மணிக்கட்டு கிடையாது. மார்பின் மேற்பகுதியில், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே உள்ள இடுக்கில், குரல் நாண்களை இயக்கும் மெல்லிய நரம்பை ஒட்டியே நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. ஸ்குவாமஸ் வகை நோய் அங்கே பரவுவதற்கு வாய்ப்பு அதிகம் என்று படித்திருக்கிறேன். அந்த இடத்தில் மணிக்கட்டு போல் வளையும் கருவி உதவாதா? தைவானிலும் சீனாவிலும் இடது நரம்பையொட்டிய முடிச்சுகளை எடுப்பதில் ரோபோ மேலானது என்று ஓர் ஆய்வு வந்ததே?

இன்னொன்று, பல மணி நேரம் தோளைத் தூக்கி நின்றுகொண்டு செய்வதும், உட்கார்ந்து செய்வதும் மருத்துவருக்கு ஒன்றாகுமா?

குடந்தை அறுவை மருத்துவர்:

நீங்கள் குறிப்பிட்டது சரியான இடம். நான் அதைச் சுருக்கமாகக்கூடச் சொல்லியிருக்கவில்லை. குரல் நரம்பையொட்டிய பகுதியில்தான் ரோபோவின் மணிக்கட்டு உண்மையிலேயே பயன்படுகிறது. நீங்கள் சொல்லும் ஆய்வில் இடப்பக்க முடிச்சுகளை எடுப்பதிலும் நரம்பைக் காப்பதிலும் ரோபோ குழுவின் முடிவு மேலாகவே இருந்தது. ரமி ஆய்விலும், முன்கூட்டியே கீமோ பெற்றவர்களில் அந்த இடத்திலிருந்து எடுத்த முடிச்சுகளின் எண்ணிக்கை ரோபோவில் கூடுதல். கட்டி மார்பின் மேற்பகுதியில் இருந்தாலோ, அந்த நரம்பையொட்டிய முடிச்சுகளில் பெட் ஸ்கேனில் சந்தேகம் இருந்தாலோ, ரோபோவில் நன்கு பழகிய குழு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலோ, நானும் அதன் பக்கம் சாய்வேன். பெரியவருக்குச் சந்தேகம் உள்ள நெறிக்கட்டிகள் எந்த இடத்தில் என்பதை ஸ்கேன் அறிக்கையில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவை கீழே, இரைப்பைப் பக்கமாக இருந்தால் இந்த வாதத்தின் எடை குறைந்துவிடுகிறது.

மருத்துவரின் களைப்பு பற்றிச் சொன்னதும் உண்மை. எங்கள் கழுத்தும் முதுகும் அதற்குச் சாட்சி. ஆனால் அந்த வசதிக்கான செலவை நோயாளியின் நிலத்திலிருந்து எடுக்கக் கூடாது அல்லவா? எதிர்ப்பக்கத்தில் ஒரு குறையும் உண்டு: இப்போது பெரும்பாலும் பயன்பாட்டில் உள்ள ரோபோக்களில், திசுவைத் தொடும் உணர்வு மருத்துவரின் கைக்கு வருவதில்லை. எவ்வளவு இழுக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்த்தே கணிக்க வேண்டும். அதற்குப் பழக்கம் வேண்டும்.

பாபநாசம் ஆசிரியை:

எங்கள் வீட்டுக்காரருக்கு இதே அறுவை சிகிச்சை கேமராத் துளை முறையில் நடந்தது. மருத்துவக் கணக்குகளை ஐயா சொல்லிவிட்டார்; நான் வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் பணத்தை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கேதான் தெரிகிறது.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது வயிற்றின் இடப்பக்கம் சிறுகுடலுக்குள் ஒரு மெல்லிய குழாய் போட்டு அனுப்பினார்கள். வாயால் போதுமான அளவு சாப்பிட முடியும்வரை, அதன் வழியாகத்தான் இரவில் சொட்டுச் சொட்டாகச் சத்துக் கஞ்சி செல்லும். அதைக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றிக் குழாயைக் கழுவ வேண்டும். ஒரு வேளை தவறினாலும் அடைத்துக்கொள்ளும். மாத்திரையைப் பொடித்து அதில் போட வேண்டாம் என்று செவிலியர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். கடையில் விற்கும் புரத மாவு டப்பாக்களின் விலை ஒன்றும் குறைவில்லை. அதோடு வாரம் ஒரு முறை போய்வரும் வண்டிச் செலவு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, இடையில் தையல் இடம் சுருங்கிச் சோறு மறுபடி அடைத்தபோது எண்டோஸ்கோப்பி வழியாக விரித்துவிட்ட செலவு என எல்லாம் சேர்ந்தது. அறுவை சிகிச்சைக்குக் கட்டியதைவிட அதற்குப் பிந்தைய மாதங்கள்தான் எங்களைத் திணறடித்தன. நிலத்தை விற்கத்தான் போகிறீர்கள் என்றால், விற்ற பணம் அறுவை அரங்கிலேயே முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி.

சாப்பாட்டு விஷயத்தில் ஆண்களைப் பழக்குவதுதான் கடினம். ஒரே வேளையில் இலை நிறையச் சாப்பிட்ட மனிதருக்கு, ஒரு கரண்டி குழைந்த தயிர்ச் சோற்றோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் ஒரு கரண்டி என்று ஒரு நாளில் ஆறேழு முறை கொடுக்க வேண்டியிருக்கிறது. சாப்பிடும்போதே தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். சர்க்கரை அதிகம் போட்ட காபியோ பாயசமோ உள்ளே போனால் கொஞ்ச நேரத்தில் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும். உணவு சட்டென்று சிறுகுடலுக்குள் இறங்கிவிடுவதால் அப்படி ஆகிறது என்று விளக்கினார்கள். எங்கள் வீட்டில் டிகிரி காபியைக் கைவிடச் செய்வதற்கு நான் பட்ட பாடு தனி.

படுக்கையும் மாற வேண்டும். உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவே இருந்த தடுப்பை எடுத்துவிடுகிறார்கள் அல்லவா, அதனால் தட்டையாகப் படுத்தால் மடை இல்லாத வாய்க்கால் போல எல்லாம் தொண்டைக்கே ஏறிவரும். புரையேறினால் நுரையீரலுக்கும் போய்விடும். நாங்கள் கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கற்களை அடுக்கி உயர்த்தினோம். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்குகிறது, நெஞ்சு உயர்வதில்லை. இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துவிட்டுத் தெருவில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரச் சொல்வேன்.

குரல் சில மாதங்களுக்குக் கம்மிப்போய் இருந்தது; பிறகு தேறிவிட்டது. எடை நன்றாகக் குறைந்தது. இன்னும் பழைய எடைக்கு வரவில்லை. ஆனால் வயலுக்குப் போய் வருகிறார்.

மன்னை மருமகன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். சந்தேகம் உள்ள நெறிக்கட்டிகள் இரண்டும் கீழே, இரைப்பையின் மேல்வளைவை ஒட்டி இருப்பதாகவே எழுதியிருக்கிறது. மைத்துனருக்கும் இந்த உரையாடலை அனுப்பினேன். அவர் இப்போது ரோபோ என்பதை விட்டுவிட்டு, எத்தனை பேருக்குச் செய்தார்கள் என்று கேட்டுத் தினமும் போன் செய்கிறார்.

மாமியாருக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. கரண்ட் வைத்த பிறகு இட்லி இறங்குகிறது, வலியும் இல்லை. எண்டோஸ்கோப்பியிலும் புண் ஆறிவிட்டது என்றார்கள். பிறகு எதற்காக இவ்வளவு பெரிய அறுவை சிகிச்சை என்கிறார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு சந்தேகம்: துளை வழியாகத் தொடங்கிவிட்டு நடுவில் மார்பைத் திறக்க நேரிடலாம் என்று ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது. அப்படி நடந்தால் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று பொருளா?

குடந்தை அறுவை மருத்துவர்:

அம்மா கேட்டது சாதாரணக் கேள்வி அன்று. உலகம் முழுவதும் இத்துறையில் இப்போது விவாதிக்கப்படும் கேள்வி அதுவே. 2012இல் வெளியான கிராஸ் ஆய்வில் உங்கள் மாமனாருக்குக் கொடுத்ததைப் போன்ற சிகிச்சைதான்: ஐந்து வாரம் வாராந்திரக் கீமோ, 23 தவணைக் கதிர்வீச்சு, பிறகு அறுவை சிகிச்சை. எடுத்த உணவுக்குழாயை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஸ்குவாமஸ் வகையினரில் 49 சதவீதம் பேருக்குப் புற்றணு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அப்படியானால் அந்தப் பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை தேவைதானா என்ற கேள்வி எழுவது இயல்பு. நெதர்லாந்தில் சானோ என்ற ஆய்வில், மீண்டும் மீண்டும் பரிசோதித்தும் நோய் தென்படாதவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். மற்றவர்களைக் கண்காணித்து, நோய் தலைகாட்டினால் மட்டும் செய்தார்கள். இரண்டாண்டு உயிர்வாழ்வில் கண்காணிப்புக் குழு பின்தங்கவில்லை.

ஆனால் இதை எடுத்துக்கொண்டு அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கண்காணிப்புக் குழுவில் சுமார் பாதிப் பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பி வந்தது. அங்கே கண்காணிப்பு என்பது சில மாதங்களுக்கு ஒரு முறை பெட் ஸ்கேன், ஆழமாக எடுக்கும் பயாப்சி (சதைப் பரிசோதனை), உள்ளிருந்து செய்யும் அல்ட்ராசவுண்ட், சந்தேக முடிச்சில் ஊசிப் பரிசோதனை ஆகிய அனைத்தும் சேர்ந்தது. ஒரு தடவை சாதாரண எண்டோஸ்கோப்பியில் புண் ஆறித் தெரிவதும் அதுவும் ஒன்றல்ல. மேல்தோல் ஆறியிருக்க, அடியில் உள்ள தசையடுக்கில் நோய் மிஞ்சியிருக்கலாம். சம்பா நடவு வந்துவிட்டது, அறுவடை வந்துவிட்டது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். உடல் தகுதி இருக்கும் 62 வயதுக்காரருக்கு, திட்டமிட்டபடி அறுவை சிகிச்சைக்குப் போவதையே நான் பரிந்துரைப்பேன். அம்மாவின் கேள்வியை உங்கள் மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டு, மறு பரிசோதனை முடிவுகளை வைத்து அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

நடுவில் திறப்பது தவறன்று. கதிர்வீச்சுக்குப் பின் திசுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பெரிய இரத்தக்குழாயிலிருந்து கசியலாம், நுரையீரல் பழைய காசநோய்த் தழும்பால் மார்புச்சுவரோடு ஒட்டியிருக்கலாம். அப்போது துளையிலேயே முடிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் மருத்துவரைவிட, உடனே திறந்து பாதுகாப்பாக முடிப்பவரிடம்தான் என் சொந்தக்காரரை அனுப்புவேன்.

அறுவை சிகிச்சைக்கு முன் இருக்கும் வாரங்களை வீணாக்க வேண்டாம். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை இன்றே வாங்கிக் கொடுங்கள். பலரும் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்துப் பந்துகளை மேலே நிறுத்த வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை பத்து தடவை இழுக்கட்டும். தினமும் வரப்பிலோ வாய்க்கால் கரையிலோ மூச்சு வாங்கும் அளவுக்கு நடக்கட்டும். முட்டை, பருப்புத் தண்ணீர், மீன் எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். புகையிலை மீண்டும் வாய்க்குள் போகக் கூடாது. சொத்தைப் பல், ஈறு வீக்கம் இருந்தால் இப்போதே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வாயில் இருக்கும் கிருமிதான் பின்னால் நுரையீரலில் இறங்குகிறது.

நாகை காப்பீட்டுப் பணியாளர்:

பணம் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு உண்டு. கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் ஏற்கெனவே அதிலிருந்து எவ்வளவு போயிருக்கிறது, மீதி எவ்வளவு என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறுவை சிகிச்சைத் தொகுப்பில் ஐ.சி.யூ. நாட்கள், தையல் போடும் ஸ்டேப்ளர் கருவிகள் ஆகியவை அடங்குமா, வெளியே தனியாகக் கட்ட வேண்டியது ஏதாவது உண்டா என்பதை வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். இந்த அறுவை சிகிச்சையில் ஸ்டேப்ளரில் மாற்றிப் போடும் முள் தொகுதிகள் பல தேவைப்படும். கணக்கு எகிறுவது பெரும்பாலும் அங்கேதான்.

ரோபோவே வேண்டும் என்று குடும்பம் முடிவெடுத்தாலும் தனியார் மருத்துவமனை ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் உள்ள அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022இலேயே ரோபோ அறுவை சிகிச்சை மையம் தொடங்கிவிட்டார்கள். உணவுக்குழாய்க்கு அங்கே செய்கிறார்களா, காத்திருப்பு எவ்வளவு என்று அங்குள்ள குடல் அறுவைப் பிரிவில் ஒரு முறை விசாரித்துப் பார்க்கலாம். கதிர்வீச்சு முடிந்து அறுவை சிகிச்சைக்குக் குறித்த காலம் தாண்டிவிடக் கூடாது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

அதற்காகச் சென்னைக்குப் போய்வருவதாக இருந்தால், ரயிலில் புற்றுநோயாளிகளுக்குச் சலுகை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம். சிகிச்சை பெறும் மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, நிலைய முன்பதிவுக் கவுண்ட்டரில் கொடுக்க வேண்டும். மன்னார்குடியிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸில் போகலாம். படிவத்தில் புறப்படும் நிலையமும் மருத்துவமனை இருக்கும் ஊரின் நிலையமும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்து வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்; பொருந்தாவிட்டால் கவுண்ட்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.